பியானோ கேட்டுச் சொல்லும் வேலை

போன மாதம் சுகன்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த இசைத்தட்டுக் கம்பெனியில், நான் உட்கார்ந்திருந்த அறையில் இப்போது அவள் இருக்கிறாள். கம்பெனியின் பழைய டேப்புகளையெல்லாம் இணையத்தில் ஏற்றுகிறார்களாம். ஒரே கச்சேரிக்கு நாலைந்து ஒலிப்பதிவுகள் இருந்தால், எது மேலே எது கீழே என்று ஒரு மென்பொருளே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுகிறதாம்.

"மேடம், அது சொல்றது பாதி சரியா இருக்கு. பாதி ஏன்னே புரியல. நீங்கல்லாம் எப்படிச் செஞ்சீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

சரியென்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் செய்முறைக்கு முன்னால் மனிதர்கள் வந்து நிற்கிறார்கள். அதனால் இது கொஞ்சம் நீளும்.

எனக்கு ஊர் திருத்தணி, வேலை சென்னையில். பணிக்காலம் முழுவதும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பினேன். பெண்கள் பெட்டியில் கூட வருகிறவர்கள் பேங்க், ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று ஒரே சொல்லில் தங்கள் வேலையைச் சொல்லிவிடுவார்கள். என் வேலை மட்டும் யாருக்கும் பிடிபடாது.

"ரெக்கார்டு கம்பெனில பியானோ கேக்கற வேலைங்க."

"வாசிக்கறதா?"

"இல்லைங்க, கேக்கறது."

"அப்புறம்?"

"எது நல்லாருக்குன்னு சொல்றது."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லாமல் பூத் தொடுப்பதைத் தொடர்வார்கள்.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பாவுக்கும் அது விளங்கவேயில்லை. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டினவர். தறிக் கொட்டகைக்குள் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதென்றால் வாயசைவைத்தான் பார்க்க வேண்டும். நான் வேலையைப் பற்றிச் சொன்னதும், "கேக்கறதுக்கா சம்பளம் தராங்க? நான் காது போறதுக்கு வாங்கிகினு கீறேன்" என்றார். அவருக்கு அப்போதே வலது காது மந்தம். என் அண்ணனுக்கு இரண்டு காதுமே போயிற்று. என்னைப் படிப்புக்காகச் சின்ன வயதிலேயே திருத்தணியில் அத்தை வீட்டில் விட்டுவிட்டார்கள். அதனால் என் காது தப்பித்தது. அந்த அத்தை மகனைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன், பாவா என்று கூப்பிடுவேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பியானோவுக்கென்று பெரிய கச்சேரிகள் எழுதினார்கள். கான்செர்ட்டோ என்பார்கள். ஒரு பக்கம் ஒற்றைப் பியானோ, இன்னொரு பக்கம் ஒரு பெரிய வாத்தியக் குழு. பொதுவாக மூன்று பாகம். முதல் பாகத்தில் இரண்டும் மோதும். இரண்டாவதில் தணிந்து பேசும். மூன்றாவதில் சேர்ந்து ஓடும். அந்தக் காலத்து இசைக்கு ரொமான்டிக் என்று பெயர். காதல் என்று பொருள் கொள்ள வேண்டாம். மனசில் பொங்கினதை அடக்காமல் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே கச்சேரியை உலகம் முழுக்கப் பலர் வாசித்துப் பதிவு செய்திருப்பார்கள். அதில் எதை நாங்கள் வெளியிடுவது, கிடங்கில் இருக்கும் பழைய டேப்புகளில் எதைத் திரும்ப எடுப்பது என்று கேட்டுச் சொல்வது எங்கள் பிரிவின் வேலை.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, டேப்பில் இரைச்சல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அங்கே சேர்ந்தேன். கொஞ்ச காலம் இரைச்சலை மட்டுமே கேட்டேன். பிறகு ஃப்ளாரன்ஸ் மேடம் என்னைத் தன் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். சனிக்கிழமைகளில் அவருடைய சர்ச் வகுப்பில் இசைக்குறிப்பு படிக்கக் கற்றேன். என் இசைப் படிப்பு அவ்வளவுதான்.

ஃப்ளாரன்ஸ் மேடம் உயரமானவர். வெளுத்த பருத்திப் புடவை, ஒட்ட வெட்டிய நகம். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார். கேட்கும் அறைக்குள் நுழைந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடுவார். அதன் டிக் டிக் கூடாது. என் கண்ணாடி வளையல்களையும் கழற்றச் சொன்னார். அத்தையிடம் சொன்னேன். "கட்டிக்கினவன் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல கைய மொட்டையா வச்சிகினு பாட்டு கேப்பியா?" என்று அத்தை ஒரே பிடியாக மறுத்துவிட்டார். மறுநாள் வளையல்கள்மேல் கைக்குட்டையை இறுக்கச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். மேடம் பார்த்துவிட்டு டேப்பைப் போட்டார். கடைசி வரைக்கும் அப்படியேதான் கேட்டேன்.

அவருடைய முறைகளைச் சுகன்யாவுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ரயிலில் வந்த காது களைத்திருக்கும். அதனால் வந்ததும் எதையும் போடக் கூடாது. சத்தமில்லாத அறையில் சும்மா உட்கார வேண்டும். முதல் நாள் நான் புத்தகம் எடுத்தேன். "பக்கம் திருப்பறது கேக்குது" என்றார். மூடி வைத்தேன்.

டேப் பெட்டிகளுக்கெல்லாம் பழுப்புத் தாள் சுற்றி அ, ஆ, இ என்று எழுதியிருப்பார். வாசித்தவர் பேர் தெரியக் கூடாது. பெரிய பேர் தெரிந்துவிட்டால் காது கும்பிடு போட ஆரம்பித்துவிடும் என்பார். எல்லா டேப்புக்கும் மீட்டர் பார்த்து ஒலி அளவை ஒன்றாக வைப்போம். கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். முதலில் கேட்டதன்மேல் காதுக்கு ஒரு பாசம் உண்டாகும். அதனால் மறுநாள் வரிசையை மாற்றிக் கேட்க வேண்டும். முதல் பாகத்தின் ஆரம்பம் அதிரடியாக இருக்கும், யார் வாசித்தாலும் அசத்திவிடும். அதனால் நாங்கள் எப்போதும் மெதுவாகப் போகும் இரண்டாவது பாகத்தில் தொடங்குவோம்.

கேட்டு முடித்ததும் மேடம் என்னைப் பார்ப்பார். நான் முதன்முதலாகச் சொன்ன தீர்ப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"ரெண்டாவது நல்லாருக்கு மேடம்."

"எங்கே?"

"மொத்தமாவே நல்லாருக்குங்க."

"மொத்தம்னு ஒரு இடம் கிடையாது வரா. எங்கே?"

என் பேர் வரலட்சுமி. அவர் சுருக்கி வரா என்பார். டேப்பைத் திரும்பப் போட்டார். மறுபடி "எங்கே?" என்றார். கோபமில்லை, அவசரமுமில்லை. மத்தியானம் வரை அப்படியே போனது. கடைசியில், "நடுவுல, பியானோவோட இடது கை தனியா கீழே இறங்குதுங்களே, அங்க. மத்தவங்க அதை வலது கைக்குத் தாளம் மாதிரி வெச்சிருக்காங்க. இவர் அதுக்கும் பேச விட்டிருக்கார்" என்றேன். மேடம் இழுப்பறையைத் திறந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். பாராட்டும் அதுதான் என்று பின்னால் புரிந்துகொண்டேன்.

வீட்டில் கேட்டுப் பழகலாம் என்று ஒரு முறை டேப் கொண்டுவந்தேன். ஆடிக் கிருத்திகை சமயம். மலையிலிருந்தும் தெருவிலிருந்தும் ஒலிபெருக்கி. பாவா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரே பாட்ட நாலு தபா போட்டுகினு இன்னாத்த தேடற? எதனா தொலஞ்சி பூட்ச்சா?" என்றார். அவர் விளையாட்டாகக் கேட்டார். ஆனால் தேடுகிற வேலைதான் அது.

இப்போது அந்தக் கடினமான தீர்ப்புக்கு வருகிறேன்.

கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்த காலம். ரொமான்டிக் பியானோ கச்சேரிகளைத் தொகுப்பாக வெளியிடக் கம்பெனி முடிவு செய்தது. ஃப்ளாரன்ஸ் மேடம் அந்த வேலையோடு ஓய்வு பெறப் போகிறார். மற்றதெல்லாம் தேர்வாகிவிட்டது. நார்வே நாட்டுக்காரர் ஒருவர் எழுதிய கச்சேரி மட்டும் பாக்கி. ஒரு காலை மேடம் மூன்று பழுப்புத் தாள் பெட்டிகளை மேஜையில் வைத்தார். வழக்கமாக எதிரில் உட்காருகிறவர் அன்று உட்காரவில்லை.

"இதை நான் கேக்கப் போறதில்ல. நீயே கேட்டுச் சொல்லு."

"நீங்களும் இருந்தாத்தானே மேடம்…"

"நான் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அ டேப் சுத்தமான பதிவு. பியானோவை மைக்குக்கு மிக அருகில் வைத்துவிட்டார்கள், வாத்தியக் குழுவைவிடப் பெரிதாகக் கேட்டது. வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இ டேப்பும் நல்ல வாசிப்புதான். கொஞ்சம் வயதான கை, நிதானம், மூன்று பாகமும் ஒரே மனசு.

ஆ டேப்பில் தொடக்கத்திலேயே பதிவு மோசம் என்று தெரிந்தது. ஏதோ பள்ளிக்கூட மண்டபத்தின் எதிரொலி. ஓரிடத்தில் காக்கை கத்தியது. வயலின்கள் ஒன்றுசேர நேரம் எடுத்துக்கொண்டன. இரண்டாவது பாகத்தில் முதலில் வாத்தியக் குழு மட்டும் வாசிக்கும். கடைசியில் ஹார்ன் என்கிற வளைந்த ஊதுகுழல் மெல்ல ஒலிக்கும், பிறகு பியானோ உள்ளே வரும். அந்த இடத்தில் நான் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். மற்ற இருவரும் ஹார்ன் முடிந்ததும் தொடங்கினார்கள். இவர் அந்த ஹார்ன் வாசித்தவரின் மூச்சு அடங்கும் வரை காத்திருந்து, அவர் விட்ட இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டதுபோல் தொட்டார். அந்தப் பாகம் முழுக்க அப்படித்தான். வாசித்தது யாராயிருந்தாலும், தனக்கு முன்னால் பேசினவரைக் கேட்ட பிறகே பேசுகிற ஆள். அத்தனை வருடம் கேட்டதில் அப்படி ஒரு இரண்டாவது பாகத்தை நான் கேட்டதில்லை.

மூன்றாவது பாகம் துள்ளி ஓடுவது. அதில் ஒரு மெட்டு இரண்டு முறை வரும். முதல் முறை முடிந்ததும் ஒரு வழியாகவும், இரண்டாம் முறை முடிந்ததும் வேறு வழியாகவும் போக வேண்டும். ஆ டேப்பில் பியானோ முதல் முறையிலேயே இரண்டாவது வழியில் திரும்பிவிட்டது. வாத்தியக் குழு சரியான வழியில் போனது. சில விநாடிகள் இரண்டும் இடித்துக்கொண்டன. பியானோ நின்றது, காத்திருந்தது, பிறகு சேர்ந்துகொண்டது.

வரிசையை மாற்றி மாற்றிக் கேட்டேன். மேடம் கேட்கவுமில்லை, அவசரப்படுத்தவுமில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டை அவர் அப்படியே மூடி வைத்துவிட்டதைப் பார்த்தேன். கடைசியில் போய்ச் சொன்னேன்.

"இ டேப்பை எடுத்துக்கலாம் மேடம். ஆனா இரண்டாவது பாகம்னு பார்த்தா ஆ டேப்புக்குப் பக்கத்துல எதுவும் நிக்காது."

"எங்கே?"

ஹார்ன் இடத்தைச் சொன்னேன். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"அப்போ ஆ டேப் ஏன் வேண்டாம்?"

"மூணாவது பாகத்துல தப்பிடுச்சுங்க."

"அந்தத் தப்புக்காகவா?"

"தப்பு ஒண்ணும் பெரிசில்லைங்க. தப்புக்கு அப்புறம். அங்கேர்ந்து முடியற வரைக்கும் அவங்க வாசிக்கல. விழுந்துடக் கூடாதேன்னு பாத்துப் பாத்து நடக்கறாங்க. முதல் ரெண்டு பாகத்துல இருந்த ஆளு அங்க இல்ல."

மேடம் ஆ டேப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். பிறகு, "தாளைப் பிரி" என்றார். பெட்டிமேல் எங்கள் கம்பெனியின் மிகப் பழைய முத்திரை இருந்தது. வாசித்தவர் பேர் ஐரின்.

எங்கள் ஒலிப்பொறியாளர் குமரேசன் விஷயத்தைக் கேள்விப்பட்டு உற்சாகமாகிவிட்டான். "இன்னா மேடம் இது, இடிச்சிக்கற அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு ரெண்டு பக்கத்தையும் ஒட்டிட்டா முடிஞ்சிது. கம்ப்யூட்டர்ல ஒரு மணி நேரத்துல போட்டுக் குடுக்கறேன்" என்றான். போட்டும் கொடுத்தான். ஒட்டு எங்கே என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரும் பயம் அப்படியே இருந்தது. தப்பு இல்லாமல் அந்தப் பயத்தைக் கேட்டால், காரணமே தெரியாமல் ஒருவர் நடுங்குவதுபோல் இருந்தது. வேண்டாம் என்றேன். குமரேசன் தானும் ஒரு முறை கேட்டுவிட்டு, "ஆங், நீங்க சொல்றது புரியுதுங்க" என்று அழித்துவிட்டான்.

அன்று மாலை மேடம் கேட்டார்: "உன் வண்டி அரக்கோணத்துல நிக்கும் இல்ல?"

"நிக்கும் மேடம். அங்கேர்ந்துதான் திருத்தணிக்குத் திரும்பும்."

"நாளைக்கு நானும் வரேன். ஐரின் அங்கதான் இருக்கா."

பதிவை ஒரு சிடியில் ஏற்றி, சின்ன பிளேயரையும் இரண்டு ஸ்பீக்கரையும் ஒயர் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டேன். ரயிலில் மேடத்துக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. திருவள்ளூர் தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மணவூரில் ஏதோ ஒரு வண்டிக்கு வழிவிட எங்கள் ரயில் நின்றது. அப்போதுதான் சொன்னார்.

அவரும் ஐரினும் ஒரே டீச்சரிடம் பியானோ கற்றவர்கள். ஐரின் அரக்கோணம் ரயில்வே காலனிப் பெண், இஞ்சின் டிரைவரின் மகள். சென்னை வழியாகப் போன, வாத்தியக் குழுவை நடத்தும் ஒரு வெளிநாட்டு நடத்துநரை வைத்து, இங்கிருக்கிறவர்களைக் கொண்டே ஒரு கச்சேரியைப் பதிவு செய்யலாம் என்று கம்பெனி அன்று நினைத்தது. சினிமா ஸ்டூடியோ வயலின்காரர்கள், போலீஸ் பேண்டிலிருந்து ஊதுகுழல்காரர்கள். பியானோவுக்கு ஃப்ளாரன்ஸ்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். டீச்சர் ஐரின் பேரைச் சொன்னார். ஒரே நாளில் பதிவு. மாலையில் நடத்துநருக்கு விமானம், வயலின்காரர்களுக்கு வேறு ரிக்கார்டிங். மூன்றாவது பாகத்தைத் திரும்ப வாசிக்க நேரமில்லை. அப்போது ஃப்ளாரன்ஸ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தார். டேப்பைக் கேட்டுச் சொல்ல வேண்டிய வேலை அவரிடமே வந்தது. வெளியிட வேண்டாம் என்று சொன்னார். கம்பெனி கிடங்கில் போட்டுவிட்டது.

"அன்னைக்குத் தீர்ப்பு சொன்னது என் காதா, என் பொறாமையான்னு எனக்கே தெரியாது வரா. நேத்து வரைக்கும் தெரியாது. அதான் உன்னைக் கேக்கச் சொல்லிட்டு வெளியே போனேன்."

"இப்போ தெரிஞ்சிடுச்சு இல்லீங்களா மேடம்? சரியாத்தானே சொல்லியிருக்கீங்க."

"பாதிதான் தெரிஞ்சுது. மீதியை ஐரின்தான் சொல்லணும்" என்றார். வண்டி கிளம்பியது.

ஐரின் ரயில்வே பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தார். பழைய ஓட்டு வீடு. முன் அறையில் ஒரு பியானோ, அதன் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணங்கள். அவரும் மேடமும் ஆங்கிலமும் தமிழும் கலந்துதான் பேசினார்கள். எனக்கு ஞாபகமிருப்பதைத் தமிழிலேயே தருகிறேன்.

கதவைத் திறந்தவர் மேடத்தை மேலும் கீழும் பார்த்தார். "வா ஃப்ளோ. அரக்கோணம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க இவ்ளோ நாள் ஆச்சா?"

மேடம் என்னை அறிமுகப்படுத்தினார். எதற்கு வந்திருக்கிறோம் என்றும் சொன்னார். ஐரின் முகம் மாறவில்லை. "அது இன்னுமா இருக்கு? அழிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். நான் அதைக் கேட்டதே இல்ல" என்றார்.

பிளேயரை பியானோமேல் வைத்து மூன்று பாகத்தையும் வரிசையாகப் போட்டேன். ஐரின் நேராக உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக் கேட்டார். இரண்டாவது பாகத்தில் ஹார்ன் வந்தபோது, "ஆரோக்கியசாமி. போலீஸ் பேண்டு. பாவம், அன்னைக்கு ஜுரத்தோட வந்தார்" என்றார். மூன்றாவது பாகம் தொடங்கியதும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த இடம் வந்தது, இடித்தது, நின்றது, சேர்ந்தது.

"இவ்ளோதானா?" என்றார் ஐரின்.

நான் பிளேயரை நிறுத்தக் கையை நீட்டினேன். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். கடைசி வரை கேட்டார். பிறகு மேடத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நீதானே கேட்டுச் சொல்றவ. நீ இதுக்கு என்ன சொன்ன?"

மேடத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்தவரின் முகத்தைப் பார்த்து நான் அதுவரை எந்தத் தீர்ப்பும் சொன்னதில்லை. முதலில் ஹார்ன் இடத்தைச் சொன்னேன். பிறகு, "மூணாவது பாகத்துக்காக வேணாம்னு சொல்லிட்டேங்க. தப்புக்காக இல்லைங்க. அதுக்கப்புறம் நீங்க பயந்துட்டீங்க" என்றேன்.

ஐரின் எழுந்து உள்ளே போனார். அடுப்பு பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. டீ கொதிக்கும் வரை நாங்கள் இருவரும் அசையவில்லை. மூன்று கோப்பைகளோடு வந்து, எனக்கு முதலில் கொடுத்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்க. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்" என்றார். பிறகு மேடம் பக்கம் திரும்பினார். "நீ அன்னைக்கு என்ன சொன்ன ஃப்ளோ?"

"மூணாவது பாகம் சரியில்லன்னு சொன்னேன்."

"எந்த இடம்னு சொன்னியா?"

"சொல்லல. யாரும் கேக்கல. நானும் சொல்லல."

ஐரின் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் வாசல்ல காலனி ஜனங்க மொத்தம் கேட்டுது. ஐரின், ரெக்கார்டு எப்ப வரும், ரெக்கார்டு எப்ப வரும்னு. எங்கப்பா பாட்டுப் பெட்டி வாங்கி வெச்சிருந்தார். மெட்ராசுக்கு வந்து உங்க ஆபீஸ்ல கேட்டேன். தெரியாதும்மான்னாங்க. அந்தத் தப்பு ஒரு முழுப் பக்கம்னு நினைச்சுகினு இருந்தேன் ஃப்ளோ. கச்சேரியே நின்னு போனா மாதிரி. ராத்திரியெல்லாம் காதுல அவ்ளோ நீளமா கேக்கும். அப்புறம் மேடைல உக்காரவே இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீ வேணாம்னு சொன்னது தப்பில்ல. நேர்ல வந்து சொல்லியிருக்கலாம்ல?"

மேடம் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே டீயைக் குடித்து முடித்தார். ஐரின் இன்னொரு கோப்பை ஊற்றினார்.

தொகுப்பில் இ டேப்தான் போனது. ஆனால் கடைசித் தட்டில் இடமிருந்தது. ஐரினின் இரண்டாவது பாகத்தை மட்டும் அங்கே தனியாக வைக்கலாம் என்று நான் கேட்டேன். மேடம் முதலில் ஒப்பவில்லை. மூன்று பாகமும் சேர்ந்ததுதான் கச்சேரி, ஒன்றை மட்டும் பிய்த்து வைப்பது முறையில்லை என்றார். "அதை வாசிச்சவங்க சொல்லட்டும் மேடம்" என்றேன். ஐரினிடம் கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றவர், மறுவாரம் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. தன் பேருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஹார்ன் வாசித்த ஆரோக்கியசாமி பேரும் வர வேண்டும். வந்தது. அப்பாவின் பாட்டுப் பெட்டியில் சிடி ஓடாது என்பதால் பள்ளிக்கூட ஹாலில் போட்டுக் கேட்டார்களாம். காலனியில் மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்களாம்.

மேடம் ஓய்வு பெற்ற பிறகு பிரிவு என் பொறுப்புக்கு வந்தது. உயிரோடிருக்கிற ஒருவரின் பதிவை வேண்டாம் என்று முடிவு செய்தால், நானே நேரில் போனேன், முடியாவிட்டால் போனில் பேசினேன். எந்த இடம், ஏன் என்று சொன்னேன். ஒருவர் பாதியிலேயே போனை வைத்தார். ஒருவர் என் மேலதிகாரியிடம் புகார் சொன்னார். கோவையிலிருந்து ஒருவர் அந்தப் பாகத்தைத் திரும்ப வாசித்து அனுப்பினார், அதை வெளியிட்டோம். சுலபமான வேலையில்லை.

சுகன்யா, மென்பொருளோடு எனக்குச் சண்டை இல்லை. அதன் வரிசை பல நேரம் என்னுடையதோடு ஒத்தே போகலாம். ஆனால் கீழே தள்ளப்பட்டவர் வீட்டுக்கு அது ரயில் ஏறிப் போகாது. அந்த வேலையை நீ வைத்துக்கொள்.

இன்னும் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். தொகுப்பு வந்ததற்கு அடுத்த வருடம் ஒரு மாலை, என் வண்டி அரக்கோணத்தில் நின்றபோது எதிர் பிளாட்பாரத்தில் ஃப்ளாரன்ஸ் மேடமும் ஐரினும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மேடத்தை வழியனுப்ப ஐரின் வந்திருக்க வேண்டும். சென்னை வண்டி வந்து நின்றது. அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேடம் முழங்கால்மேல் விரல்களால் எதையோ வேகமாக வாசித்துக் காட்டினார். ஐரின் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அதையே மெதுவாகத் தன் முழங்கால்மேல் வாசித்தார். மேடம் அவர் கையைத் தட்டிவிட்டார். சென்னை வண்டி ஊதிவிட்டுக் கிளம்பிப் போனது. காலியான தண்டவாளத்துக்கு முன்னால், இருவரும் அந்த இரண்டாவது பாகத்தின் வேகத்தைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.